புல்லில் போட்ட வாய்க்கட்டு

தேவாரம்
17-3-1938

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். சந்தனம் இன்னும் பேசவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

நீங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குமுளியில் பஸ் ஏறிவிட்டேன் என்று கோபமாக இருப்பீர்கள். நேரம் பார்த்துத்தான் ஏறினேன். நீங்கள் எதிரே நின்றிருந்தால், "சாரமில்ல, ரெண்டு நாள்ல பேசிரும்" என்று சொல்லியிருப்பீர்கள். பரவாயில்லை என்பதற்கு மலைக்குப் போய் நீங்கள் கற்றுக்கொண்ட மலையாளம் அந்த ஒரு வார்த்தைதான். கூரை ஒழுகினாலும் சாரமில்லை, பால்காரன் வராவிட்டாலும் சாரமில்லை. நாலு வயதுப் பெண், தூக்கத்தில்கூடப் பேசுகிறவள், வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் அதே வார்த்தையைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அல்லிநகரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நாக்கை நீட்டு என்றார், நீட்டினாள். தொண்டைக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். உறுப்பில் குறை இல்லை, பயந்திருக்கிறாள், போகப் போகச் சரியாகும் என்றார். போகப் போக என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பிடுகிறாள். கூப்பிட்டால் திரும்புகிறாள். கீழே விழுந்து முழங்கால் உரிந்தபோது அழுதாள், ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டு, மூக்கால் அழுதாள். அதைப் பார்த்தால் நீங்களும் சாரமில்லை என்று சொல்ல மாட்டீர்கள்.

அந்தச் சாயங்காலத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் மலைக்கு வந்தால் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று மார்கழியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். கம்பத்து மாமாவின் பிளஷர் காரும் வந்தது, டிரைவர் ஒச்சாண்டியும் வந்தார். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லவில்லை. இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாக நின்றதையும், தண்ணீர் வற்றிய கரையில் புதுப்புல் துளிர்த்து, அதில் காட்டுமாடுகள் வெள்ளைக் காலோடு மேய்ந்ததையும் பார்த்து நான்தான் முதலில் கை தட்டினேன். ஏரிக்குள் பட்டுப்போய் நின்ற மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்தின. சந்தனம் அதுகளைப் போலவே கையை விரித்துக் காட்டினாள்.

அதற்கு முன்பே காட்டு வாசலில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினீர்கள். உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு புல்லில் முடிச்சுப் போட வேண்டும், மிருகங்களின் வாய் கட்டிப்போகும், திரும்பும்போது கட்டினவரே அவிழ்த்துவிட வேண்டும், நடுவில் யானையைப் பேர் சொல்லாமல் 'பெரியவுக' என்றுதான் சொல்ல வேண்டும் என்றீர்கள். நீங்களும் ஒச்சாண்டியும் சந்தனமும் இறங்கிக் கட்டினீர்கள். நான் இறங்கவில்லை. "ஆத்தா கட்டலைன்னாலும் பரவால்ல. மெட்ராசுல படிச்சவுகளப் பாத்தா பெரியவுகளே ஒதுங்கி நின்னு இங்கிலீசுல குட்மார்னிங் சொல்லுவாக" என்றார் ஒச்சாண்டி. எல்லோரும் சிரித்தோம். சந்தனம் சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

கரை வளைவில் வண்டியை நிறுத்தினோம். ஓடை போல ஒடுங்கிய தண்ணீருக்கு அந்தப் பக்கம் அது தனியாக நின்று மேய்ந்தது. "அதோ பார் கண்ணு, யானை" என்றேன். அவள் இந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். காதை விரித்துக்கொண்டு தண்ணீரைக் கிழித்து வந்தது. ஒச்சாண்டி வண்டியைப் பின்னால் எடுத்து மரத்தில் இடித்தார். விளக்கு நொறுங்கியது, மேலே கித்தான் கிழிந்தது. வண்டிக்கு வெகு அருகில் வந்து அது நின்றுவிட்டது, அங்கிருந்து என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மூச்சு வந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "பேரச் சொல்லிட்டியே". குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும், "நிப்பாட்டு, கட்டு அவுக்கணும்" என்றீர்கள். நிறுத்தக் கூடாது என்று நான் கத்தினேன். இப்போதும் கத்துவேன்.

உங்கள் காட்டைப் பார்க்கக் கூட்டிப் போனீர்கள். என் குழந்தையின் வாயை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ராஜமணி

*

குமுளி
பங்குனி 8

சௌபாக்கியவதி ராஜமணிக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

தோட்டத்திலிருந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது. "அம்மாவும் பிள்ளையும் பஸ்ஸு ஏறிப் போயாச்சே, ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்று எதிர்க்கடைக்காரர் சாவியை நீட்டினார். தெரியும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான் பயப்படவில்லை என்று நினைக்கிறாய். நீ பின் ஸீட்டில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாய். முன் ஸீட்டில் எனக்குக் கட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் பிறந்தவன் வாயில் அதுதான் வரும். உன்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் நீ பேரைச் சொன்னாய், அது வந்தது. இரண்டையும் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவது?

வண்டிக்கு விளக்கு மாற்றியாயிற்று. மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒச்சாண்டிதான் மலையேறி வரும்போதெல்லாம், "சின்ன ஆத்தா பேசுச்சா?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, நேற்று, "பேசுச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

இன்னொன்று. நீ சிரித்தாலும் பரவாயில்லை. மறுநாளே நானும் அவரும் அந்தக் கல்லுக்குப் போய் எங்கள் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டோம். சந்தனத்தின் முடிச்சைத் தொடவில்லை. கட்டினவர்தானே அவிழ்க்க வேண்டும். அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சித்திரையில் வீரபாண்டி கோயிலுக்கு அவளுக்காக நேர்ந்திருக்கிறேன். உன் அம்மாவிடம் சொல்லி மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைக்கச் சொல்லு.

உன் பழைய சேலை கொடியிலேயே கிடக்கிறது. எடுத்து மடிக்கவில்லை.

சுருளியாண்டி

*

தேவாரம்
26-3-1938

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா முடிந்து வைத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அதோடு நிற்காமல் உத்தமபாளையத்திலிருந்து மந்திரிக்கிறவர் ஒருவரை வரவழைத்தாள். அவர் வேப்பங்குலையால் சந்தனத்தின் முகத்தில் அடித்து, "யாருன்னு சொல்லு, எங்கனருந்து வந்தேன்னு சொல்லு" என்று அதட்டினார். நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "காலேசுல படிச்சா பிள்ளை பேசிருமா?" என்று அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள். படித்ததில் இதற்கு ஒன்றும் இல்லை. மதுரைக்குக் கொண்டு போகலாம் என்றால், அங்கேயும் நாக்கை நீட்டத்தான் சொல்வார்கள்.

நீங்கள் நேர்ந்துகொள்கிறீர்கள், அம்மா முடிகிறாள், அவர் அடிக்கிறார். நான் என்ன செய்கிறேன்? அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று ஒன்று நடந்தது.

கிணற்று வாய்க்கால் ஓரமாக அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பின்னால் போய் நின்றதை அவள் பார்க்கவில்லை. புல்லை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று கட்டுவாள், அவிழ்ப்பாள், வாயை லேசாகத் திறப்பாள். பிறகு தலையை ஆட்டி மூடிக்கொள்வாள். அடுத்த புல். அந்த ஓரம் முழுவதும் கசங்கிய புல்.

பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா போட்ட வாய்க்கட்டா, கண்ணு?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். பேசினால் அது வந்துவிடுமா என்று கேட்டேன். அதற்கும் ஆட்டினாள். நான் ஒரு புல்லில் முடிச்சுப் போட்டு, அவிழ்த்துக் காட்டி, "சரியாகப் போயிற்று, இனிப் பேசலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒன்றும் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல. மேற்கே மலையைக் கையால் காட்டினாள்.

பயத்தில் ஊமையாகிப் போனாள் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அத்தான். நீங்கள் சொன்ன பேச்சைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் வண்டிக்குள் இருந்தேன், காதில் விழவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.

ராஜமணி

*

குமுளி
பங்குனி 17

ராஜமணிக்கு,

நான் சொன்னது இது. அவள் கையைப் பிடித்துத்தான் முடிச்சைப் போட்டேன். இறுக்கத் தெரியவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். "இந்தா, பெரியவுக வாயக் கட்டியாச்சு. ஓன் வாயும் சேத்துக் கட்டியாச்சு. திரும்பி வந்து நீயே அவுக்குற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்றேன். அவள் நச்சுநச்சென்று பேசிக்கொண்டே வந்தாளே, விளையாட்டுக்குச் சொன்னேன். "பேசுனா?" என்று கேட்டாள். "பேசுனா வந்துருவாக" என்றேன். எங்கள் ஐயா என்னிடம் சொன்னதும் இதேதான். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான். எல்லாப் பிள்ளைகளும் கல்லைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

அவள் மறக்க மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மேலே எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே கல்லுக்குப் போனேன். அந்த முடிச்சை நானே பக்குவமாக வேரோடு பெயர்த்து, மண்ணோடு சட்டியில் வைத்துத் தேவாரத்துக்குக் கொண்டுவந்தால் அவள் அங்கேயே அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். மண்வெட்டியும் கையுமாகப் போனவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு மழைக்குப் பிறகு புல் இளசாக எழும்பியிருந்ததில், பெரியவுக வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்காக. கல்லைச் சுற்றி மொட்டை. பக்கத்தில் சாணம். முடிச்சு எந்த வயிற்றில் இருக்கிறதோ.

ஒச்சாண்டி ஒரு யோசனை சொன்னார். அதே இடத்தில் கொஞ்சம் தள்ளி, மேயாத புல்லில் நான் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிடுகிறேன். நீ அவளைக் கூட்டி வா. அவள் அவிழ்க்கட்டும். பச்சைப் பிள்ளைக்கு எது தன் முடிச்சு என்று தெரியவா போகிறது? பேசிவிட்டால் போதும். எந்த முடிச்சாக இருந்தால் என்ன?

சுருளியாண்டி

*

தேவாரம்
2-4-1938

அன்புள்ள அத்தானுக்கு,

வேண்டாம். பொய் முடிச்சு வேண்டாம். பல்லால் கடித்து இழுத்தவளுக்குத் தன் முடிச்சு தெரியும். விளையாட்டுக்குச் சொன்ன ஒன்றையே இத்தனை நாள் சுமக்கிறவள், ஏமாற்றினோம் என்று தெரிந்தால் அதை எவ்வளவு காலம் சுமப்பாளோ.

ஆனால் கூட்டி வருகிறேன். அந்த இடம் மொட்டையாக இருப்பதை அவளே பார்க்கட்டும். பார்த்தால் ஒருவேளை புரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தப் பாதையில் மறுபடி வண்டியில் உட்கார என்னால் முடியுமா என்று தெரியாது. கண்ணை மூடினால் தண்ணீர் தெறிக்கிறது. அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதக்கூடக் கை கூசுகிறது, பார்த்தீர்களா, இந்தக் கடிதம் முழுவதும் எழுதவே இல்லை. பி.ஏ. படித்தவளைப் புல்லுக்குள் முடிந்துவிட்டீர்கள் என்று ஒச்சாண்டியிடம் சொல்லுங்கள், சிரிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பத்தில் இருப்போம். கல்லைத் தாண்டி ஒரு அடிகூட வண்டி உள்ளே போகக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். சத்தியம் செய்து பதில் எழுத நேரம் இல்லை, நேரில் செய்யுங்கள்.

ராஜமணி

*

குமுளி
பங்குனி 25

ராஜமணிக்கு,

நீ சொன்னதை மீறினேன். முதல் நாளே போய் முடிச்சுப் போட்டு வைத்தேன். மொட்டைத் தரையைக் காட்டி என் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

அவள் குனிந்து பார்த்தாளே, அதுதான் கண்ணை விட்டுப் போகவில்லை. "இந்தா கண்ணு, ஓன் முடிச்சு, அவுத்துக்க" என்று நான் சொல்லச் சொல்ல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். முடிச்சைப் பார்த்தாள், மொட்டைத் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

நீ திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கம்பம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தாயும் மகளும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் கையை நீட்டினேன், அவள் தொடவில்லை.

மலையில் இனி எனக்கு இருப்புக் கொள்ளாது. தோட்டத்தை யாரிடமாவது விட்டுவிட்டுக் கீழே வந்துவிடட்டுமா? வா என்று எழுது, வராதே என்று எழுது. ஏதாவது எழுது.

சுருளியாண்டி

*

தேவாரம்
11-4-1938

அன்புள்ள அத்தானுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படியுங்கள்.

உங்கள் மேல் ஆத்திரத்தோடுதான் பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. மறுநாள் சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, பின்னல்தான் தெரிந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். சொன்னேன்: "அங்கே இருந்தது அப்பா போட்ட முடிச்சு. அப்பா பொய் சொன்னார். நீ பேச வேண்டும் என்ற ஆசையில் சொன்னார். உன் முடிச்சு அங்கே இல்லை. அது வந்து புல்லோடு சேர்த்துத் தின்றுவிட்டது. இனி அவிழ்க்கிறதற்கு ஒன்றும் இல்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, சந்தனம்."

நான் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருந்தேன்.

"தின்னுருச்சா?"

குரல் கரகரவென்று இருந்தது, யாரோ வாசலில் கேட்டது போல. என் கை நின்றுவிட்டது. ஆமாம் என்றேன். முகத்தை எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

"வயித்துக்குள்ள அவுந்துருக்குமா?"

"மென்றுதானே தின்னும். அவிழ்ந்திருக்கும்."

பிறகு கேட்டாள்:

"குட்டியா தின்னுச்சு?"

எந்தக் குட்டி என்றேன்.

"இங்கிட்டு நின்னுச்சுல்ல. காருக்குப் பக்கத்துல, செடிக்குள்ள. நீங்கள்லாம் அங்கிட்டே பாத்தீக. குட்டி ஆனை. நான் பாத்தேன். என் வாய் கட்டியிருந்துச்சா, அதான் சொல்லல."

அத்தான், அது நான் பேரைச் சொன்னதற்காக வரவில்லை. நாம் அதற்கும் அதன் குட்டிக்கும் நடுவில் வண்டியை நிறுத்தியிருந்தோம். நான்கு பேரில் ஒருத்திக்குத்தான் அது தெரியும். அவள் வாயைக் கட்டியவர் நீங்கள். அவள் மறுபடி மறுபடி திரும்பிப் பார்க்க, மோவாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பியது நான்.

"நான் சொல்லியிருந்தா வந்துருக்காதுல்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் உள்ளே வைத்திருந்தது இந்தக் கேள்வி. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டாய், சொன்னவர்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்றேன். நம்பினாளா என்று தெரியாது. இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும். நீங்களும் சொல்ல வேண்டும். இனி எதைப் பார்த்தாலும் உடனே எங்களிடம் சொல்லிவிடு என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். கட்டியது நீங்கள்.

அம்மா உங்கள் வேண்டுதல்தான் பலித்தது என்கிறாள். அவள் போகட்டும்.

சந்தனம் முன்போல இல்லை. நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்க்கிறாள். ராத்திரி ஒரு தடவை எழுந்து, "அம்மா, பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் படுத்துக்கொண்டாள். அவள் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோடு கோணலாக இருந்தால் அதனால்தான்.

தோட்டத்தை விட வேண்டாம். சித்திரைப் பிறப்புக்கு வந்துவிட்டுப் போங்கள்.

தூங்குவதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்தக் குட்டி அவுங்கம்மாகிட்டப் போயிருச்சான்னு அப்பாவக் கேளு."

நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

ராஜமணி